கொடைக்கானல் முகாமுக்கு மகள் போகிறாள், பை 16 கிலோ: எதை எடுத்து வெளியே வைப்பது?

வைகைக்கரை (மதுரை) | ஏப்ரல் 22, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். என் மகளுக்கு 11 வயது. மே மாதம் கொடைக்கானலில் பத்து நாள் கோடை முகாம். பாட்டி வீடு, அத்தை வீடு தவிர வேறெங்கும் எங்களை விட்டுத் தூங்கியதில்லை. முகாமிலிருந்து ஒரு பக்கத்துக்குப் பட்டியல் வந்திருக்கிறது. அதில் 'போதிய குளிராடை' என்று ஒரு வரி. மதுரைக்காரிக்கு எது போதியது என்று எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே சுவெட்டர் என் கணவர் கல்யாணமான புதிதில் ஊட்டியில் வாங்கியது. அதைப் போட்டதும் ஊட்டியில் மட்டும்தான்.

இப்போதைக்குப் பையில் இருப்பவை: உடுப்பு பதினான்கு செட், புதிதாக வாங்கிய மூன்று சுவெட்டர், கம்பளி, தலையணை, வாளியும் கப்பும், அரை லிட்டர் தேங்காய் எண்ணெய், என் மாமியார் சுட்ட முறுக்கு ஒரு டின். தெருமுனையில் பழைய பேப்பர் எடைக்கு எடுப்பவரின் தராசில் வைத்துப் பார்த்தோம். 16 கிலோ 400. வேன் நிற்கும் இடத்திலிருந்து விடுதி வரை பிள்ளையேதான் தூக்கி வர வேண்டுமாம். அவள் எடையே 31 கிலோ. எதைக் குறைப்பது?

முன்னாள் வார்டன் | ஏப்ரல் 22, இரவு 10.25

சகோதரி, முதலில் வாளியை எடுத்து வெளியே வையுங்கள். வாளி இல்லாத முகாமை நான் பார்த்ததில்லை. பழனிமலைப் பக்கம் ஒன்பது வருடம் கோடை முகாம்களில் வார்டனாக இருந்தவன். வாளியோடு வந்த பிள்ளைகள் உண்டு. ஒருவன் இஸ்திரிப் பெட்டியோடு வந்தான்.

குளிருக்கு வருவோம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மே மாதம் பகலில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும், விடிகாலையில் 11, 12. மதுரையில் 38 டிகிரியில் வண்டி ஏறும் பிள்ளைக்கு அது குளிர்தான், ஆனால் மூன்று சுவெட்டர் கேட்கும் குளிர் இல்லை. அங்கே தொல்லை கொடுப்பது வேறு. காலை ஆறரைக்குப் பிள்ளைகள் நடுங்குவார்கள். பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும், ஓடி விளையாடி வேர்த்துப்போவார்கள். மூன்று மணிக்கு மஞ்சு இறங்கும், மழையும் வரும். தடித்த சுவெட்டர் ஒன்றை மட்டும் நம்பி வந்த பிள்ளை பத்து மணிக்கு அதைக் கழற்றிப் புல்லில் போட்டுவிட்டு, மூன்றரைக்கு நனைந்ததைத் தூக்கிக்கொண்டு வரும். அது காய மூன்று நாள் ஆகும்.

அதனால் தடிமனை விடுங்கள், அடுக்கைப் பாருங்கள். உள்ளே ஒட்டினாற்போல முழுக்கைப் பனியன். அதன் மேல் வழக்கமான சட்டை. அதன் மேல் மெல்லிய கம்பளிச் சுவெட்டரோ ஃப்ளீஸோ ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே காற்றைத் தடுக்கும் ஒரு ஜெர்கின், தொப்பி வைத்தது. வேர்த்தால் ஒன்றைக் கழற்றலாம், குளிர்ந்தால் ஒன்றைப் போடலாம். தூங்கும்போது அதே பனியன் வேண்டாம், வேர்வை ஈரம் இரவில் நடுக்கும். படுக்கைக்கென்று உலர்ந்த ஒரு செட் தனியாக இருக்கட்டும்.

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கல்லாகக் கனக்கும், காயாது. பாலியெஸ்டர் டிராக் பேண்ட் மூன்று போதும். சட்டை ஆறு. உள்ளாடை பன்னிரண்டு. சாக்ஸ் எட்டு ஜோடி, அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். எந்த முகாமிலும் ஐந்தாம் நாள் பிள்ளைகளிடம் தீர்ந்துபோகிற பொருள் காய்ந்த சாக்ஸ்தான்.

ஷூ புதிதாக வாங்கியிருந்தால் இன்றிலிருந்தே மதுரைத் தெருவில் போட்டு நடக்கச் சொல்லுங்கள். புது ஷூவோடு மலை ஏறிய பிள்ளைக்கு இரண்டாம் நாள் குதிகாலில் கொப்புளம், மூன்றாம் நாளிலிருந்து அறையிலேயே கேரம்.

பழனித் தாத்தா | ஏப்ரல் 23, காலை 5.50

எங்கள் காலத்தில் ஒரு மஞ்சப்பையில் இரண்டு சட்டை, ஒரு துண்டு. அதோடு சாரணர் முகாம் முடிந்து திரும்பியிருக்கிறோம். இப்போது பிள்ளைக்கு வெயிட் லிஃப்டிங் பயிற்சி கொடுக்கிறீர்கள்.

ஆனால் வார்டன் தம்பி குல்லாவை விட்டுவிட்டார். காது மூடும் மங்கி குல்லா ஒன்று கட்டாயம் வையம்மா.

முன்னாள் வார்டன் | ஏப்ரல் 23, காலை 7.15

ஐயா, மன்னிக்க வேண்டும். முகாம் முடிந்து உரிமை கோராமல் மிஞ்சுகிற சாமான் பெட்டியில் அதிகம் கிடப்பது மங்கி குல்லாதான். பதினொரு வயதுப் பெண் பிள்ளை மற்ற பிள்ளைகள் முன்னால் அதைப் போட மாட்டாள். காதை மூடுகிற சாதாரணக் கம்பளித் தொப்பி அவளே தேர்ந்தெடுத்த நிறத்தில் இருந்தால் போடுவாள்.

கோத்தகிரிக்காரன் | ஏப்ரல் 23, காலை 11.05

எங்கள் ஊர் நீலகிரி, பழனிமலை இல்லை. ஆனால் மழையும் அட்டையும் இரண்டுக்கும் பொது. குடை கொடுத்து அனுப்பாதீர்கள். பிள்ளைகள் நடக்கும்போது ஒருவர் கண்ணை ஒருவர் குத்திக்கொள்வார்கள், காற்றடித்தால் குடை மடங்கிவிடும். முட்டிக்குக் கீழே இறங்குகிற மழைக்கோட்டு நல்லது. முதுகுப்பையையும் சேர்த்து மூடுகிற அளவுக்குத் தொளதொளப்பாக வாங்குங்கள்.

சோலைக்காட்டுக்குள் கூட்டிப்போவார்களா என்று கேளுங்கள். மழை பெய்த மறுநாள் சோலைக்குள் அட்டை நிச்சயம். பேண்ட்டின் கால் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளச் சொல்லிக்கொடுங்கள், அதற்கு நீளமான சாக்ஸ் இரண்டு ஜோடி வேண்டும். அட்டை ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்கக் கூடாது. ஒல்லியான முனைப் பக்கம் நகத்தை வைத்து நெம்பினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் கசியும். அட்டையின் எச்சிலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதால்தான் அப்படி, பயம் இல்லை. இதை வீட்டிலேயே சொல்லி அனுப்பினால் அங்கே அலறல் பாதியாகும்.

கீழ்நாட்டுக்காரர்கள் எல்லாரும் மறப்பது வெயிலை. குளிருகிறதே என்று தொப்பி இல்லாமல் சுற்றுவார்கள், மாலையில் மூக்கும் கன்னமும் வெந்து உரியும். ஆயிரம் மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் பத்து சதவீத அளவுக்குக் கூடும். குளிர்ந்த காற்றில் அது தோலுக்குத் தெரியாது. விளிம்பு வைத்த துணித் தொப்பி ஒன்று, சன்ஸ்க்ரீன் ஒரு சின்ன ட்யூப், உதட்டுக்கு வாசலின். இது மூன்றும் சேர்ந்து கால் கிலோ வராது.

தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கடைத் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, சோதனைச்சாவடியில் பிடிப்பார்கள். நீங்களே காரில் கொண்டுபோய் விடுவதாக இருந்தால் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மே 7-லிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது உண்டு.

வைகைக்கரை | ஏப்ரல் 23, மதியம் 2.30

வாளி, தலையணை, இரண்டு சுவெட்டர், எட்டு செட் உடுப்பு வெளியே வந்துவிட்டன. தலையணை முகாமிலேயே தருவார்களாம், போன் செய்து கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கிறேன் பாருங்கள்.

எண்ணெய் என்ன செய்ய? அவளுக்கு இடுப்பு வரை முடி. பத்து நாள் எண்ணெய் வைக்காவிட்டால் சிக்குப் பிடித்துவிடும் என்று அவள் பாட்டி சொல்கிறார்.

இரட்டைப்பிள்ளைக்காரி (திண்டுக்கல்) | ஏப்ரல் 23, மாலை 4.10

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் தோழி. கொடைக்கானலில் பகலில்கூட உருகாது. நான் முதல் வருடம் வாய் குறுகிய பாட்டிலில் கொடுத்து அனுப்பினேன். பத்து நாளும் இரண்டு பேரும் பாட்டிலைக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்கள். அகல வாய் டப்பாவில் ஐம்பது மில்லி போதும், விரலால் வழித்து எடுக்கலாம். ஆனால் அங்கே முடியை அலசினால் காய்வது பெரும்பாடு. நான் இரண்டாம் வருடம் தோள் வரை வெட்டியே அனுப்பினேன். வெட்ட மனம் வராவிட்டால் இரட்டைச் சடை தானே பின்னிக்கொள்ள இப்போதிருந்தே பழக்குங்கள். அங்கே நாற்பது பிள்ளைக்கு யார் பின்னுவார்கள்?

ஷாம்பு பாட்டிலைக் கொஞ்சம் அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடுங்கள், அதையும் ஒரு டப்பாவுக்குள் வையுங்கள். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். சிப்ஸ் பாக்கெட் உப்பிப்போவதைப் பார்த்திருப்பீர்கள் இல்லையா, அதே கதைதான். என் பெண்களுடைய சட்டையெல்லாம் ஷாம்பு.

அப்புறம் பெயர். ஒவ்வொரு துணியிலும் பெயர் வேண்டும், சாக்ஸிலும் வேண்டும். எல்லார் பையிலும் அதே கறுப்பு டிராக் பேண்ட்தான். ஸ்கெட்ச் பேனாவில் எழுதினால் ஒரே துவையலில் போய்விடும். துணி மார்க்கர் பேனா நிற்கும். அது கிடைக்காவிட்டால் ஒரு நிறம் முடிவு செய்து ஓரத்தில் நூலால் நாலு தையல் போடுங்கள். என் மூத்தவளுக்கு ஆரஞ்சு, இளையவளுக்குப் பச்சை. பத்து வருடம் ஆகிறது, இன்னும் வீட்டுத் துண்டுகளில் அந்த நூல் இருக்கிறது.

பழனித் தாத்தா | ஏப்ரல் 23, மாலை 6.00

அந்தக் காலத்துச் சலவைக்காரர்கள் சேங்கொட்டைச் சாற்றில்தான் குறி வைப்பார்கள். துணி கிழிந்தாலும் குறி போகாது.

இரட்டைப்பிள்ளைக்காரி | ஏப்ரல் 23, மாலை 6.20

தாத்தா, அது தோலில் பட்டால் கொப்புளம். பிள்ளை சட்டைக் காலரில் வேண்டாம். நூலே போதும்.

கோவைச் செவிலி | ஏப்ரல் 23, இரவு 8.45

மருந்து பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன்.

வழக்கமாகச் சாப்பிடும் மருந்து எதுவானாலும் டாக்டர் சீட்டோடு, வேளையும் அளவும் எழுதி முகாம் பொறுப்பாளர் கையில் கொடுங்கள். பையின் உள்பாக்கெட்டில் ஒளித்து வைப்பதுதான் ஆபத்து. பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குத் தலைவலி என்றால் உங்கள் பிள்ளை டாக்டராகிவிடும். இதற்கு விலக்கு ஆஸ்துமா இன்ஹேலர். அது பிள்ளையின் இடுப்புப் பையில் எப்போதும் இருக்க வேண்டும், இன்னொன்று பொறுப்பாளரிடம். மதுரையில் ஆறு மாதமாக இழுப்பே வரவில்லை என்றாலும் அனுப்புங்கள். குளிர்ந்த காற்றில் ஓடும்போது வரலாம்.

மலைப்பாதை வாந்திக்கு மாத்திரை கொடுப்பதாக இருந்தால் எடைக்குத் தகுந்த அளவை டாக்டரிடம் கேட்டு, ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே கொடுங்கள். வாந்தி வந்த பிறகு கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். காலையில் இரண்டு இட்லி, அதற்கு மேல் வேண்டாம். வேனில் முன் சீட், கண் வெளியே ரோட்டில். புத்தகமும் செல்போனும் கூடாது. மடித்த கவர் நாலு, ஜெர்கின் பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.

தைலக் குப்பியைப் பாட்டி வைத்திருப்பார், எடுத்துவிடுங்கள். சளி பிடித்தால் பிள்ளைகள் மூக்குக்குள் தடவிக்கொள்வார்கள். யூகலிப்டஸ் தைலமும் கற்பூரமும் உள்ளே போனால் குழந்தைகளுக்கு வலிப்பு வரை கொண்டுபோகும்.

கடைசியாக, 11 வயதுப் பெண். இன்னும் வயதுக்கு வரவில்லை என்றாலும் நாப்கின் நாலைந்து, மாற்று உள்ளாடையோடு ஒரு சின்னத் துணிப்பையில் போட்டுக் கொடுத்து, எதற்கென்று சொல்லி அனுப்புங்கள். அங்கேதான் முதல்முறை வர வேண்டும் என்று இருந்தால் வரும். எந்த அக்காவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

வைகைக்கரை | ஏப்ரல் 23, இரவு 9.30

கடைசியாகச் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை அக்கா. மூன்று சுவெட்டர் தோன்றியது, இது தோன்றவில்லை. இன்று ராத்திரி பேசுகிறேன்.

பெயர் வேண்டாம் | ஏப்ரல் 23, இரவு 11.50

இரவு படுக்கையில் ஈரம் செய்கிற பிள்ளைகளின் பெற்றோரும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். என் மகனை 9 வயதில் குன்னூருக்கு அனுப்பினேன். அனுப்பவே பயம். முன்கூட்டியே வார்டனுக்குப் போன் செய்து சொன்னேன். அவர் கேட்டது இரண்டே: விரிப்புக்கு அடியில் போட ஒரு ரப்பர் ஷீட், இரண்டு கூடுதல் பைஜாமா. தினமும் பதினொரு மணிக்கு அவரே வந்து தோளைத் தட்டி எழுப்பிக் கூட்டிப்போயிருக்கிறார். மற்ற பிள்ளைகளுக்குத் தெரியவே இல்லை. சொல்லாமல் அனுப்பியிருந்தால் பத்து நாளும் தூங்கியிருக்க மாட்டான்.

வைகைக்கரை | ஏப்ரல் 24, காலை 10.00

அடுத்த பஞ்சாயத்து முறுக்கு. பட்டியலில் 'தின்பண்டம் கூடாது' என்று இருக்கிறது. என் மாமியாரிடம் யார் சொல்வது?

கோத்தகிரிக்காரன் | ஏப்ரல் 24, காலை 10.40

காரணத்தைச் சொல்லுங்கள், அவரே ஒத்துக்கொள்வார். அறையில் முறுக்கு இருந்தால் முதல் நாள் எறும்பு, இரண்டாம் நாள் எலி, ஜன்னல் திறந்திருந்தால் குரங்கு. எங்கள் பக்கம் சாப்பாட்டு வாசனைக்குக் கரடி வீட்டுக் கதவையே உடைக்கிறது. கூடாரத்தில் தூங்க வைக்கிற முகாமென்றால் துளிக்கூட வேண்டாம். காட்டுமாடு முறுக்குக்கு வராது, ஆனால் ராத்திரியில் எலிக்குப் பயந்து வெளியே ஓடுகிற பிள்ளை அதன் முன்னால் போய் நிற்கும்.

இரட்டைப்பிள்ளைக்காரி | ஏப்ரல் 24, காலை 11.15

வேனில் தின்னக் கொடுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் பங்கு வைத்தால் ஊர் போய்ச் சேர்வதற்குள் நாலு சிநேகிதி.

ஓசூர் அப்பா | ஏப்ரல் 24, மதியம் 1.00

போன் அனுமதி இல்லை என்கிறார்களே, ஒரு சின்ன பட்டன் போனை மட்டும் சாக்ஸுக்குள் வைத்து அனுப்பினால் என்ன? அவசரத்துக்கு?

முன்னாள் வார்டன் | ஏப்ரல் 24, மதியம் 2.20

வேண்டாம் சார். அவசரமென்றால் முகாமே கூப்பிடும். பிள்ளைக்கு வீட்டு ஞாபகம் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாள்தான், அதுவும் விளக்கணைக்கும் நேரத்தில். அந்த நேரத்தில் அம்மா குரல் கேட்டால் அடங்க இருந்த அழுகை பெருகும். எனக்குத் தெரிந்து ஒளித்துவைத்த போனால் அழுகை நின்ற பிள்ளை ஒன்றுகூட இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 'பிடிக்கவில்லை என்றால் உடனே வந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்' என்று யாரும் வாக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள். அந்தப் பிள்ளை முதல் நாளிலிருந்து அதற்கே காத்திருக்கும்.

போனுக்குப் பதில் அஞ்சலட்டை வையுங்கள். இன்னும் ஐம்பது காசுதான். ஐந்து அட்டை, வீட்டு முகவரியை நீங்களே எழுதி, ஒரு பேனாவோடு. அழுகை வருகிற நேரத்தில் எழுத ஒரு வேலை கிடைக்கும்.

வைகைக்கரை | ஏப்ரல் 24, மதியம் 2.45

அந்த வாக்கை நேற்றே கொடுத்துவிட்டேனே. இப்போது எப்படித் திரும்ப வாங்குவது?

முன்னாள் வார்டன் | ஏப்ரல் 24, மாலை 3.30

'நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், கஷ்டமாக இருந்தால் அங்கே இருக்கும் அக்காவிடம் போய்ச் சொல்' என்று நேராகச் சொல்லுங்கள். பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

பையை அவளே கட்டட்டும். நீங்கள் பட்டியலை வாசியுங்கள், அவள் எடுத்து வைக்கட்டும். ஒரு வருடம் ஒரு பையன் மூன்று இரவு ஈரச் சாக்ஸோடு தூங்கினான், காலெல்லாம் வெளிறிப்போய். பையைக் கொட்டிப் பார்த்தால் அடியில் கவருக்குள் கவராக ஆறு ஜோடிப் புதுச் சாக்ஸ். அவன் அம்மா அவ்வளவு அழகாகக் கட்டியிருந்தார். அவனுக்கு அது அங்கே இருப்பதே தெரியாது. பட்டியலின் ஒரு நகலைப் பை மூடியின் உள்பக்கம் ஒட்டிவிட்டால் திரும்பும்போது சரிபார்க்கவும் ஆகும்.

வைகைக்கரை | ஏப்ரல் 26, இரவு 8.15

அவளே கட்டினாள். 8 கிலோ 200. பேப்பர்க்காரர் தராசைத் துடைத்துவைத்துக்கொண்டு காத்திருந்தார்.

இரண்டு விஷயத்தில் எனக்கும் அவளுக்கும் சண்டை. மூன்றாவது போர்வையை வெளியே எடுத்துவிட்டாள். பழைய கரடி பொம்மையை உள்ளே வைத்துவிட்டாள், பட்டியலில் அது இல்லை. இரண்டிலும் அவள் பக்கம் விட்டுவிட்டேன். முடி வெட்டவில்லை, சடை பழகுகிறாள், ஒன்று மேலே ஒன்று கீழே தொங்குகிறது.

வைகைக்கரை | மே 19, காலை 11.30

திரும்பி வந்துவிட்டாள். கேட்டவர்களுக்காகக் கணக்கு.

போன பை 8.2 கிலோ, வந்த பை 9.1. ஈர ஷூவும், பைன் காய் பதினேழும். சட்டை ஆறில் இரண்டு மடிப்புக் கலையாமல் வந்தது. சாக்ஸ் எட்டு ஜோடியில் ஐந்து ஜோடியும் மூன்று ஒற்றையும். அந்த மூன்றில் ஒன்று நம்முடையது இல்லை, பச்சை நூல் தைத்திருக்கிறது. இரட்டைப்பிள்ளைக்காரி, உங்கள் வீட்டிலிருந்து இந்த வருடமும் யாராவது போனார்களா? முறுக்கு பெருமாள்மலை வருவதற்குள் தீர்ந்துவிட்டதாம். மூக்கு உரிந்திருக்கிறது, சன்ஸ்க்ரீன் ட்யூபின் சீல்கூடப் பிரியவில்லை. துணிப்பையும் அப்படியே திரும்பியது. ஆனால் பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு அதிலிருந்து இரண்டு கொடுத்தாளாம், அதைச் சாதாரணமாகச் சொன்னாள். டார்ச் போனது போனதுதான். சூரிய ஆய்வுக்கூடத்தில் 1901-லிருந்து சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம், தினம் நாலு பேரிடமாவது அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அஞ்சலட்டை இரண்டு அவள் அங்கே இருக்கும்போதே வந்தன, இரண்டிலும் சாப்பாட்டு விவரம். மூன்றாவதை இன்று காலைதான் தபால்காரர் கொடுத்தார். 'அம்மா, இன்னைக்கு ரெண்டாவது நாள். எனக்கு இங்கே வேண்டாம். வந்து கூட்டிட்டு போ.' படித்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது. அவள் எதிரே உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தாள். வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, கூட்டிட்டுப் போவில் 'ப்' விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லித் திருத்திக் கொடுத்தாள்.

ஓசூர் அப்பா | மே 19, மதியம் 12.10

என் மகன் ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போகிறான். முட்டிக்குக் கீழே வருகிற அந்த மழைக்கோட்டு மதுரையில் எங்கே கிடைத்தது?

வைகைக்கரை | மே 19, மதியம் 12.25

எங்கும் கிடைக்கவில்லை அண்ணா. பெரியவர்கள் போடுகிறதை வாங்கி டெய்லரிடம் கையை மட்டும் வெட்டித் தைத்தேன். தையல் வழியே தண்ணீர் இறங்கியதாம், உள்பக்கம் டேப் ஒட்டி அனுப்புங்கள்.